பங்கசின் பெயர் சரியாகத்தான் இருந்தது

முப்பத்தொரு வருட வேலையில் நான் கையெழுத்துப் போட்ட அறிக்கைகளில் ஒன்றே ஒன்றை நானே போய்த் திரும்பக் கேட்டு வாங்கினேன். மரங்களின் இலைகளில் நோய் உண்டாக்கும் பங்கசுகளை, அதாவது பூஞ்சணங்களை, இனங்கண்டு சொல்லும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். வித்தியை, அதாவது பங்கசின் விதைத் துகளை, எப்படி அளப்பது, கிண்ணத்தில் எப்படி வளர்ப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் அந்த அறிக்கையைப் பற்றிச் சொல்கிறேன். வேறு யாரும் உங்களுக்கு அதைச் சொல்லமாட்டார்கள்.

அந்த வருடம் மழை வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டது. மாத்தளைப் பக்கம் எல்கடுவைக்குக் கீழே, பழைய தேயிலைச் சரிவொன்றில் கராம்பு நட்டிருந்த செல்லையா என்பவர் ஒரு பை நிறைய இலைகளோடு எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தார். தோட்ட வேலையை விட்டுவிட்டு, கிடைத்த துண்டுக் காணியில் எழுபது கன்றுகள் வைத்தவர். நட்டு மூன்று வருடம். இலையில் தவிட்டு நிறத்தில் புள்ளி விழுந்து, அது பரவி, இலை கொட்டி, கிளை நுனிகள் மொட்டையாக நின்றன. போனில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார்.

"எங்க தோட்டத்துப் பிள்ளை இங்க இருக்கீங்கன்னு சொன்னாங்க மிஸ். அதான் வேற எங்கயும் போகாம நேரா வந்தேன்" என்றார்.

நானும் எல்கடுவைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவள்தான். அந்தப் பேச்சு எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். உடனே செய்து தர வேண்டும் என்ற அவசரமும் அதிலிருந்துதான் வந்தது.

அதே வாரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து இன்னும் நாலைந்து பேர் இதே முறைப்பாட்டோடு வந்தார்கள். எல்லோரும் கன்று வாங்கியது ஒரே இடத்தில், பலாபத்வலையில் பிரதான வீதியோரம் பரீதா என்ற பெண் நடத்திய நாற்றுப்பண்ணையில். கணவர் இறந்தபின் மகளோடு சேர்ந்து தனியாக அதை நடத்தி வந்தார். வட்டாரத்தில் எல்லோரும் அவரை ராத்தா, அதாவது அக்கா, என்றே கூப்பிட்டார்கள். விவசாயிகள் சங்கக் கூட்டம் அடுத்த கிழமை இருந்தது. அதற்குள் பதில் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து தொலைபேசி மேல் தொலைபேசி.

செல்லையா கொண்டுவந்த இலைகளிலிருந்து துண்டு வெட்டி வளர்த்தேன். ராத்தாவின் பண்ணையிலிருந்து ஆள் அனுப்பி எடுப்பித்த இலைகளிலிருந்தும் வளர்த்தேன். இரண்டிலும் கொலெட்டோட்ரைக்கம் வந்தது. சாம்பல் படலம், நடுவில் செம்மஞ்சளாகத் திரண்ட வித்திகள். நுணுக்குக்காட்டியில் பார்த்தவுடனே அடையாளம் தெரிந்தது. பாடப்புத்தகத்தில் கராம்பு இலைப்புள்ளிக்குக் காரணம் என்று எழுதப்பட்டிருக்கும் அதே பங்கசு. பண்ணையிலும் இருக்கிறது, தோட்டத்திலும் இருக்கிறது; கன்றோடு சேர்ந்துதான் நோய் மலையேறியிருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதி முடிக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு, சங்கக் கூட்டத்தில், பண்ணையில் இருக்கும் கராம்புக் கன்றுகளை எல்லாம் எரிக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். இரண்டு தவணையாக, ஒரு வெள்ளிக்கிழமை பாதி, அடுத்த வெள்ளிக்கிழமை மீதி. சாட்சியாக நிற்க என்னை அனுப்பினார்கள்.

முதல் வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது ராத்தாவும் மகளும் கன்றுப் பைகளைக் கூடையில் அடுக்கி வாய்க்கால் ஓரமாகச் சுமந்துகொண்டிருந்தார்கள். கூலிக்கு ஆள் பிடிக்கவில்லை. பையைக் கிழித்து, மண்ணை உதறி, கன்றை மட்டும் குவியலில் போட்டார்கள். பச்சைக் கன்று உடனே எரியாது. மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டியிருந்தது. கராம்பு இலை எரியும்போது பல்வலிக்குத் தடவும் எண்ணெய் மணம் வரும். வீதியில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ராத்தா யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

தீ அடங்கியபின் கையைக் கழுவிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மிஸ், ஒண்டு கேட்டாக் கோவிக்க மாட்டீங்களே?"

"கேளுங்க ராத்தா."

"நோய் புடிச்ச இலையில அந்தப் பங்கஸ் ஈக்குது எண்டு செல்றீங்க. நோய் இல்லாத மரத்து இலையையும் இப்படி வெட்டிப் பாத்தீங்களா?"

"நல்ல இலையில எதுக்குப் பாக்கணும்?"

"எங்கட உம்மாக்குச் சீனி வருத்தம். அவக்கு ரத்தம் பாக்கப் போன நேரம் எனக்கும் பாத்தாங்க. எனக்கும் ரத்தத்துல சீனி ஈக்குதுதான். ஆனா எனக்கு வருத்தம் இல்லையே. எல்லாருக்கும் கொஞ்சம் ஈக்கும் எண்டு டொக்டர் சொன்னார். அதான் கேட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடம் படித்து வேலை செய்த என்னிடம் கன்று விற்கிறவர் கேள்வி கேட்கிறாரே என்ற கோபம்தான் அது, வேறொன்றுமில்லை. "அதெல்லாம் பாத்துத்தான் செய்றோம்" என்று சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறினேன். அது பொய். நான் பார்த்திருக்கவில்லை. பலாபத்வலையிலிருந்து மாத்தளையில் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்து சேரும்வரை அந்தப் பொய்யையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. ஆய்வுகூட வளவில் நின்ற பெரிய கராம்பு மரத்தில், ஒரு புள்ளியும் இல்லாத இலைகளைப் பறித்தேன். மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவில் உறவுக்காரர் ஒருவரின் வீட்டுத் தோட்டத்திலும் இரண்டு மரம் நின்றது. அந்தப் பக்கம் இப்படியொரு நோயை யாரும் கேள்விப்பட்டதே இல்லை. பஸ் ஏறிப் போய் அங்கேயும் இலை எடுத்து வந்தேன். மேல்தோலை நன்றாகக் கழுவிச் சுத்தம் செய்து, துண்டு வெட்டிக் கிண்ணங்களில் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை கிண்ணங்களைத் திறந்தேன். அதே சாம்பல் படலம். புதன்கிழமை அதே செம்மஞ்சள் திரள். வளவு மரத்திலும் இருந்தது, நாலந்தா மரத்திலும் இருந்தது. ஆரோக்கியமான இலைக்குள் எந்தக் கெடுதலும் செய்யாமல் அது பாட்டுக்குக் குடியிருந்த ஒன்றை நான் பிடித்துக் குற்றவாளி ஆக்கியிருக்கிறேன். பெயர் சரி. வித்தியின் அளவு சரி. அது செய்ததாக நான் எழுதியதற்கு மட்டும் என்னிடம் ஒரு சான்றும் இல்லை.

கதிரையில் உட்கார்ந்தேன். எரிந்த கன்றுகள் பல நூறு இருக்கும். மீதி வெள்ளிக்கிழமை எரியப் போகிறது. இன்றைக்குப் புதன்கிழமை.

எங்கள் தலைமை அதிகாரி ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்த மனிதர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கிண்ணங்களை அவர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார்:

"அப்படியானால் உண்மையான காரணம் எது?"

"தெரியாது சேர்."

"கண்டுபிடிக்க எத்தனை நாள் வேண்டும்?"

"மூன்று கிழமை. ஒருவேளை ஒரு மாதம்."

அவர் ஒரு கிண்ணத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "காரணத்தைக் கண்டுபிடித்தபின் புது அறிக்கை கொடுத்தால், ஆய்வு முன்னேறியது என்பார்கள். இப்போது வெறுங்கையோடு திரும்பப் பெற்றால், இந்த ஆய்வுகூடத்துக்கு ஒன்றும் தெரியாது என்பார்கள். அடுத்த முறை நாம் உண்மையைச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். அதையும் யோசியுங்கள்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இன்றைக்கும் அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரு மாதம் காத்திருந்தால் எங்கள் மதிப்புத் தப்பும், ராத்தாவின் மீதிப் பாத்திகள் தப்பாது. இந்தக் கணக்கு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தும் ஒரு மணி நேரம் என் மேசையில் பேனாவைப் பிடித்தபடி இருந்தேன். பதவி உயர்வுக்கான நேர்முகம் அடுத்த மாதம் வரவிருந்தது. அதையும் நினைத்தேன்.

கடைசியில் மூன்று வரி எழுதினேன். இந்தப் பங்கசு நோயில்லாத மரங்களிலும் இருக்கிறது. அதுவே காரணம் என்று நான் எழுதியதற்குச் சான்று போதாது. காரணம் என்னவென்று இப்போதைக்கு எனக்குத் தெரியாது, எரிப்பதை நிறுத்துங்கள்.

தலைமை அதிகாரி அதை இரண்டு தரம் வாசித்தார். பேனா மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பிறகு என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். அவர் போட்டிருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

உங்களில் சிலர் நினைக்கலாம், தெரியாது என்று எழுதினால் மரியாதை போய்விடும் என்று. கொஞ்சம் போகத்தான் செய்யும். எனக்கும் போனது. அந்த வருடப் பதவி உயர்வும் போனது. ஆனால் தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதினால், அதற்கான விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள். தாளில் அந்த ஆளின் முகம் தெரியாது என்பதால்தான் எழுதுவது அவ்வளவு சுலபமாக இருக்கிறது.

வியாழக்கிழமை செல்லையாவிடம் போனேன். மழைத் தூறலில் சரிவு ஏறி மூச்சுவாங்க அவர் வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"அப்ப என் மரம் எதனால மிஸ் சாகுது?"

"தெரியாதுண்ணே."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா இவ்வளவு தூரம் ஏறி வந்தீங்க?"

"ஆமாண்ணே. இந்தத் தடவை மரத்தையும் பாக்கணும்னு வந்தேன்."

அவர் நீளக் கழியில் கட்டிய கொக்கைச் சத்தகத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். கீழ்ப் பக்கத்தில் ஒரு காலத்தில் விறகுக்காக வைத்த யூகலிப்டஸ் மரங்கள் வரிசையாக நின்றன. அவற்றின் அடியிலும் அடுத்தும் இருந்த கராம்பு மரங்கள்தான் மொட்டையாகிக் கொண்டிருந்தன. மேலே, பாதையோரம், வெயிலும் காற்றும் படும் இடத்தில் பதினைந்து மரங்கள் கரும்பச்சையாக நின்றன.

"இது யாருகிட்ட வாங்குன கன்று?" என்று கேட்டேன்.

"எல்லாம் ராத்தாகிட்ட வாங்கினதுதான். ஒரே நாள்ல ஒரே லொறியில வந்துச்சு."

"இதுல நோய் இல்லையே அண்ணே. அன்னைக்கு ஏன் சொல்லல?"

செல்லையா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க கேக்கலையே மிஸ். இலை கொண்டாங்கன்னீங்க, கொண்டாந்தேன். ராத்தா மேல நான் ஒண்ணும் சொல்லலையே. நீங்கதானே எழுத்துல குடுத்தீங்க. நம்ம பிள்ளை எழுதிருக்கு, பொய்யா இருக்குமான்னு நானும் நம்பிட்டேன்."

நான் பையைத் திறந்து கத்தியை எடுத்தேன்.

அன்றைக்கு மூன்று மணி நேரம் அந்தச் சரிவில் நின்றேன். செல்லையா கிளையை வளைத்துப் பிடிக்க, நான் இலையைத் தேர்ந்து வெட்டினேன். முன்பு நான் எடுத்ததெல்லாம் காய்ந்துபோன புள்ளியின் நடுப்பகுதி. அங்கே கிடைப்பது எல்லாம் பின்னால் வந்து குடியேறியவை. இந்தத் தடவை புள்ளி இன்னும் பரவிக்கொண்டிருந்த ஈரமான விளிம்புகளை எடுத்தேன். கீழே விழுந்து நனைந்து கிடந்த இலைகளையும் யூகலிப்டஸ் இலைகளையும்கூட எடுத்தேன். ஆய்வுகூடத்தில் அவற்றை வளர்ப்பதற்கு முன்னால் ஈரப்பெட்டியில் வைத்தேன். இரண்டு நாளில் இலையின் மேலேயே வெள்ளைத் தூசிபோல ஒன்று எழுந்தது. நுணுக்குக்காட்டியில் நீண்ட கண்ணாடிக் குச்சிகளைக் கட்டுக்கட்டாக அடுக்கியதுபோன்ற வித்திகள் தெரிந்தன. கலோனெக்ட்ரியா. மழைக்காலத்தில் ஈரத்தோடு பாயும் இனம். யூகலிப்டஸ் இலையிலும் அதுவே இருந்தது. என் முதல் கிண்ணங்களில் மற்றது முந்திக்கொண்டு வளர்ந்து இதை மூடியிருக்க வேண்டும்.

இப்போது கையில் இன்னொரு பெயர் இருந்தது. ஒரு தடவை சூடு பட்டதால் இந்தப் பெயரைச் சொல்லவே பயமாக இருந்தது. நல்ல கன்றுகளில் தொற்றவைத்து, அதே நோய் வருகிறதா என்று பார்த்து, அந்த நோயிலிருந்து அதே பங்கசைத் திரும்ப எடுத்தால்தான் வாய் திறப்பது என்று முடிவெடுத்தேன். அதற்கு ஒரே வயதில் முப்பது நல்ல கராம்புக் கன்றுகள் வேண்டும். மாவட்டம் முழுக்க விசாரித்தேன். கன்று இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான்.

ராத்தா பாத்திக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். எரிப்பது நின்ற செய்தி அவருக்குப் போயிருந்தது. நான் முதலில் மன்னிப்புக் கேட்டேன். நல்ல இலையைப் பார்த்ததாக அன்றைக்குச் சொன்னது பொய் என்றும் சொன்னேன்.

"எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார். "பாத்த ஆள் எண்டா, என்ன ஈந்துச்சு எண்டு செல்லியிருப்பீங்க."

பிறகு முப்பது கன்று கேட்டேன். பத்துக்கு வெறும் தண்ணீர், பத்துக்குப் பழைய பங்கசு, பத்துக்குப் புதியது என்று விளக்கினேன். அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"இந்த முப்பதும் திரும்பி வராதுதானே?"

"வராது ராத்தா."

"தாறேன். ஆனா பாக்கிற அண்டைக்கு நானும் வருவேன். எனக்கும் காட்டோணும்."

ஆய்வுகூடத்துக்குள் வெளியாட்களை விடுவது அப்போது வழக்கமில்லை. சரி என்றேன்.

கன்றுகளுக்குத் தெளித்துப் பொலித்தீனால் மூடிவைத்த ஆறாம் நாள் ராத்தாவும் மகளும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பொலித்தீனை அவர்கள் முன்னால்தான் எடுத்தேன். தண்ணீர் தெளித்த பத்தும் நன்றாக நின்றன. நான் குற்றம் சாட்டிய பங்கசைத் தெளித்த பத்திலும் ஒரு புள்ளிகூட இல்லை. மூன்றாவது வரிசையில் இலைகள் வெந்ததுபோலத் தவிட்டு நிறமாகித் தொங்கின. நான் தொட்டதும் இரண்டு இலைகள் உதிர்ந்தன.

சரியாக வந்ததே என்ற நிம்மதியில் நான் ராத்தாவைப் பார்த்தேன். அவர் அந்த மூன்றாம் வரிசைக்கு முன்னால் நின்று, உதிர்ந்த இலையொன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அழுதார்.

"இதுகள் எல்லாம் நான் விதை போட்டு எடுத்ததுகள்" என்றார். "எனக்குச் சாட்சி செல்லப் போய்ச் செத்துட்டுதுகள்."

மகள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் நுணுக்குக்காட்டியைச் சரிசெய்து அவரை உட்காரவைத்தேன். கண்ணைத் துடைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தார். "இவ்வளவு சின்னதா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த இலைகளிலிருந்து அதே பங்கசைத் திரும்ப எடுத்தேன். பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய மரபணுப் பரிசோதனையும் அதையே சொன்னது. ராத்தாவின் பண்ணை இலைகளை ஈரப்பெட்டியில் வைத்தும் அது எழவில்லை; மற்றவர்களின் காணிகளிலும் அது யூகலிப்டஸ் ஓரத்தில்தான் இருந்தது. அடுத்த சங்கக் கூட்டத்தில் நானே எழுந்து தமிழிலும் சிங்களத்திலும் வாசித்தேன்: நோய் பண்ணையிலிருந்து வரவில்லை, முதல் அறிக்கை தவறு, தவறு என்னுடையது. பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "எரிச்ச கன்றுக்கு யாரு பதில் சொல்றது?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். அப்போது அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியவில்லை.

செல்லையா யூகலிப்டஸ் வரிசையை வெட்டுவித்தார். உதிர்ந்த இலைகளைக் கூட்டி அள்ளினார், கராம்பின் கீழ்க்கிளைகளைக் கழித்துக் காற்று விட்டார். பாதிக்குமேல் போய்விட்டது. மிச்சம் தப்பியது. மேல்வரிசைப் பதினைந்தும் சில வருடங்களுக்குப் பிறகு மொட்டு விட்டதாகப் படம் அனுப்பினார்.

எரிந்த கன்றுகளுக்குத்தான் வழி தெரியவில்லை. கராம்பு விதையை வைத்திருக்க முடியாது; பழம் பழுத்து விழுந்த ஒரு கிழமைக்குள் போட்டாக வேண்டும். அடுத்த பழக்காலம் வரைக்கும் காத்திருந்தேன். அது வந்ததும் ஒரு சனிக்கிழமை பழைய உடுப்போடு பலாபத்வலைக்குப் போனேன். ராத்தா வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த சனிக்கிழமையும் போனேன். அன்றைக்கு ஒரு பலகைக் கட்டையைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார். உட்கார்ந்து பையில் மண் நிரப்பினேன். நான் நிரப்பிய முதல் நூறு பைகளையும், மண் இறுகிவிட்டது என்று அவர் கொட்டிவிட்டுத் திரும்ப நிரப்பச் சொன்னார். அந்தப் பழக்காலம் முடியும்வரை சனிக்கிழமைகள் அப்படித்தான் போயின. மகள் தேத்தண்ணி கொண்டுவருவாள். நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. மன்னித்தேன் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கன்றுகள் முழங்கால் உயரம் வந்தபின், களை எடுக்கப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, கன்று வாங்க வந்த ஒருவர் மண் கையோடு உட்கார்ந்திருந்த என்னைக் காட்டி, "இது யாரு ராத்தா, புது ஆளா?" என்று கேட்டார்.

ராத்தா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "எரிக்கச் செல்லி எழுதின மிஸ் இவங்கதான். அந்தா ஈக்கிற நாலு பாத்தியும் இவங்க போட்டதுதான். பயப்படாம எடுங்க, நல்ல கன்று."

அந்த மனிதர் என்னை ஒருமுறை பார்த்தார், பாத்தியை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து கன்றுகளைத் தெரிந்தெடுக்க ஆரம்பித்தார்.